விசுவநாத தாசர்

வைப்பாற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் கரிசல் சீமை, வானத்தை நோக்கி வாழும் சீமையாகும். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் இச்சீமையில் உள்ளவை. இக்காலத்தில் இப்பகுதி தீப்பெட்டிக்கும் வாணவெடிகளுக்கும் பெயர் பெற்று விளங்குகின்றது. ஆயினும் அத்தொழில் இங்கே காலூன்றியது 1923-ஆம் ஆண்டு முதற்கொண்டுதான். அதற்கு முன்னர், கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்து, மழை பொய்த்த ஆண்டில் இடர்ப்பட்டு, மழை பெய்த ஆண்டில் தலைநிமிர்ந்து வாழ்ந்து வந்தனர் இச்சீமை மக்கள். அவர்தம் வாழ்வில் மகிழ்ச்சி பொங்கும் நாட்கள் சிலவே. அறுவடை முடிந்து குதிர் நிறைந்தபின், ஊர்தோறும் அம்மனுக்குப் பொங்கலிடும் நாட்கள் அவை. பகலில் பொங்கலும் முளைப்பாரியும், இரவில் நாடகம்.

நாடகம் என்றால் ஒரு நாழிகை இரு நாழிகையில் முடிவதன்று. ஊர் உண்டு முடித்தபின் தொடங்கிக் கோழி கூவும்வரை நடக்கும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவர். வண்டியில்லாதார் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்து வருவர். காஸ் விளக்கின் ஒளியில், வெறுந்தரையில் பாயும் சாக்கும் விரித்து அமர்வர். ஒலிபெருக்கி அறியாத காலம் அது. ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறி, கடைசி வரிசையில் வண்டியின்மேல் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு நடிகர் பாடவேண்டும். குரல் இல்லாதவனுக்கு அந்த மேடையில் இடமில்லை.

பெரும்பாலும் நடப்பது வள்ளி திருமணம். கதை எல்லோரும் அறிந்ததே. தினைப்புனம் காக்கும் வள்ளி, பரண்மீது நின்று பறவைகளை ஓட்டுகின்றாள். முருகப்பெருமான் வேடனாகவும் விருத்தனாகவும் வந்து அவளோடு வாதிட்டு, முடிவில் மணம் புரிகின்றார். கதையின் முடிவை அறிய எவரும் வருவதில்லை. பாட்டைக் கேட்கவே வருவர். 1920-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலோ, பாட்டைக் கேட்க வந்த மக்கள் மற்றொன்றையும் எதிர்பார்த்து அமர்ந்திருந்தனர். தினைப்புனக் காட்சியில் முருகனாக நின்றவர் ஒரு கொக்கைப் பற்றிப் பாடத் தொடங்குவார். அது வெள்ளைக் கொக்கு. அதன் நிறமும், குளிர்ந்த கடல் கடந்து அது வந்த வழியும், வந்த இடத்தில் அது செய்யும் கேடும் பாட்டில் ஒவ்வொன்றாக வரும். எழுதப் படிக்க அறியாத உழவனுக்கும் அந்தக் கொக்கு யார் என்பது விளங்கும். கூட்டம் ஆரவாரம் செய்யும். மீண்டும் பாடுமாறு வேண்டும். முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருந்த போலீசாருக்கும் அது விளங்கும். ஆனால், கொக்கைப் பாடுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எழுதுவது என அவர்கள் திகைப்பர்.

அவ்வாறு பாடியவரே விசுவநாத தாசர்.

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். தந்தையார் பெயர் சுப்பிரமணியம். தாயார் பெயர் ஞானாம்பாள். மருத்துவர் என வழங்கும் குலம் அவர் பிறந்த குலமாகும். அக்குலத்தார் நோய்க்கு மருந்து தந்தனர், மகப்பேற்றுக்கு உதவினர், ஊராருக்கு முடிதிருத்தினர், நல்வினை தீவினைகளில் முன்நின்றனர். இவர்கள் இல்லாமல் ஊரில் ஒரு சடங்கும் நடவாது. அவ்வாறிருந்தும் அவர்களை ஊரார் தம்மோடு சமமாக அமரவிட்டாரில்லை. சாதிச் செருக்கு அந்நாளில் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதற்குச் சிவகாசியே சான்று பகரும். 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், கோயிலுக்குள் யார் நுழையலாம் என்ற பூசலால் அவ்வூரில் பெருங்கலகம் மூண்டது, உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. விசுவநாதருக்கு அப்பொழுது பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

இளமையிலேயே அவருக்கு இனிய குரல் வாய்த்திருந்தது. குலத்தொழிலைவிடப் பாட்டிலும் கூத்திலுமே அவர் உள்ளம் தோய்ந்தது. அவர் வளர்ந்த காலம் தமிழ் நாடகத்திற்கு ஒரு பொற்காலம் எனலாம். சங்கரதாசு சுவாமிகள் புராணக் கதைகளையும் இதிகாசக் கதைகளையும் இசை நாடகங்களாக எழுதித் தந்துகொண்டிருந்தார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி ஆகிய நாடகங்கள் ஊர்கள்தோறும் பரவின. நாடகக் குழுக்கள் பல தோன்றின. குழுவில் சேராமல் தனித்து நின்று புகழ்பெற்ற நடிகர்களும் இருந்தனர். ஒருவர் மதுரையிலிருந்தும் மற்றொருவர் திண்டுக்கல்லிலிருந்தும் வேறொருவர் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையில் சந்தித்து நாடகத்தை நடத்தி முடிப்பர். இதனை ஸ்பெஷல் நாடகம் என்பர். பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆதலின் இது கைகூடிற்று. மேடையில் ஒருவரை ஒருவர் கேள்விகளால் மடக்குவதும், அவ்விடத்திலேயே விடை புனைந்து பாடுவதும் உண்டு. பின்னாளில் நாட்டுப்பாட்டு மேடையேறுவதற்கு இவ்வழக்கமே வாயில் திறந்தது. எழுதி வைத்த நாடகத்தில் இல்லாத பாட்டை நடிகர் விரும்பிய இடத்தில் நுழைக்கலாம், தடுக்க எவருமில்லை.

விசுவநாதர் இத்தகைய மேடைகளில் ஏறி, இராசபார்ட் எனப்படும் தலைமை வேடத்தில் புகழ்பெற்றார். முருகன் வேடம் அவருக்கு மிகவும் பொருந்திற்று. தாசர் என்னும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. சிவகாசியை விட்டுத் திருமங்கலத்தில் குடியேறினார். குத்தகைதாரர்கள் முன்பணத்துடன் அவர் வீட்டு வாயிலில் காத்திருந்தனர்.

ஆயினும் புகழ் வந்தவிடத்தும் பிறப்பு அவரைத் தொடர்ந்து வந்தது. அவர் இன்ன குலத்தவர் என்று அறிந்ததும், பெயர்பெற்ற நடிகையர் சிலர் அவரோடு நடிக்க மறுத்தனர். முருகன் வேடமிட்டு மயில்மீது அமர்ந்திருக்கும்போது அவரை நோக்கிக் கைகூப்பியவர்கள், வேடம் கலைந்தபின் அவரருகில் அமர்ந்து உண்ணக் கூசினார்கள். தெய்வமாகக் கண்டவரை அடுத்த நாழிகையில் தீண்டத் தயங்கிய இவர்களுடைய பக்தி எத்தகையது என்பதை அவர்களே சொல்லவேண்டும். தாசர் இதனை எதிர்த்துப் பூசலிட்டார் அல்லர். தம் தொழிலைக் கைவிட்டாரும் அல்லர். அவருடன் நடிக்க முன்வந்த நடிகையரும் இருந்தனர். மக்களோ, வள்ளியாக வருபவர் யார் என்று கேட்பதைவிட, முருகனாக வருபவர் தாசர்தாமா என்றே கேட்டனர்.

இந்நிலையில் உலகம் ஒரு பெரும்போரைக் கண்டது. 1914-ஆம் ஆண்டு முதல் 1918-ஆம் ஆண்டு வரை நடந்த முதல் உலகப் போரில், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்று ஆங்கிலப் பேரரசுக்காகத் தொண்டாற்றினர். போர் முடிந்தால் நாட்டிற்கு உரிமை கிட்டும் என்று தலைவர்கள் நம்பினர். கிட்டியதோ ரௌலட் சட்டம். விசாரணையின்றிச் சிறையிலிட அரசுக்கு அதிகாரம் அளித்த அச்சட்டத்தை எதிர்க்குமாறு, காந்தியடிகள் 1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தமிழகம் வந்து சென்னை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி முதலிய ஊர்களில் மக்களை வேண்டினார். அடுத்த மாதம் 13-ஆம் நாள், அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் என்னுமிடத்தில் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயர் சுட ஆணையிட்டான். அரசின் கணக்குப்படியே 379 பேர் மாண்டனர். காங்கிரசார் கண்ட கணக்கு இதனினும் மிகப் பெரிது.

இச்செய்தி தமிழகத்துச் சிற்றூர்களுக்கு எவ்வாறு சென்றது? செய்தித்தாள் படிப்போர் அன்று மிகச் சிலர். வானொலி வரவில்லை. ஊர்க்கோடியில் வாழ்ந்த உழவனுக்குப் பஞ்சாபின் துயரத்தை எடுத்துச் சென்றவர்கள் நாடக மேடைப் பாடகர்களே. மதுரையில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாசர் அப்படுகொலையைப் பற்றியும், கதரைப் பற்றியும், காந்தியடிகளைப் பற்றியும் எளிய மெட்டுக்களில் பாடல்கள் இயற்றினார். அவற்றை விசுவநாத தாசர் மேடைதோறும் பாடினார். வள்ளியைத் தேடி வந்த முருகன் ஜாலியன்வாலா பாக்கைப் பாடுவது பொருத்தமா என்று இலக்கணம் கேட்பவர் கேட்கலாம். அன்றிருந்த மக்கள் அவ்வாறு கேட்கவில்லை; பாட்டைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தனர். முருகன் சூரனை வதைத்தவன் ஆதலின், அடிமை நாட்டில் அவன் இதனைப் பாடாமல் வேறு எதனைப் பாடுவான் என்று அவர்கள் கருதினர் போலும்.

காந்தியடிகளின் நெறி தாசரை முற்றிலும் ஆட்கொண்டது. அவர் கதர் உடுத்தினார். காங்கிரசு இயக்கத்தில் சேர்ந்து, நாடகம் இல்லாத நாட்களில் கூட்டங்களில் பாடினார். கொடியையும் இராட்டையையும் பற்றிய பாட்டுக்கள் அவர் வாயிலாக நாடெங்கும் பரவின. இளைய நடிகர்களும் இவ்வழியில் ஈடுபட்டனர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அவ்வாறு தேசியப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்றவர்களே. ஆயினும் அப்பாட்டிற்காகச் சிறைக்கதவு இத்தனை முறை திறந்தது தாசர் ஒருவருக்கே எனலாம்.

ஆங்கில அரசு நாடகத்தின் வலிமையை நன்கு அறிந்திருந்தது. அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க 1876-ஆம் ஆண்டிலேயே நாடகச் சட்டம் ஒன்றை இயற்றி வைத்திருந்தது. நாடகம் முழுவதையும் தடுக்கலாம். கொட்டகைக்குள் புகுந்து நடிகரைப் பிடிக்கலாம். இதுவன்றி, இராசத்துவேசம் பேசியவர் எனக் கருதப்படுவோரிடம் நன்னடத்தைக்குப் பிணை கேட்கவும், தர மறுத்தால் சிறையிலிடவும் வேறு சட்டம் இருந்தது. பாட்டுப் பாடியவர் இனிப் பாடுவதில்லை என எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு செல்லலாம். எழுதிக் கொடுப்பதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத் தாசர் எழுதினாரில்லை.

அவர் ஓர் ஊரில் பாடுவார்; கைதாவார்; சிறை செல்வார்; மீள்வார்; அடுத்த ஊரில் அதே பாட்டைப் பாடுவார். இவ்வாறு அவர் 29 முறை கைது செய்யப்பட்டார் என்பர். அவருடைய மகன் சுப்பிரமணிய தாசும் தந்தையின் வழியே பாடிச் சிறை புகுந்தார். ஒருமுறை நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீசார் கைதாணையுடன் மேடையருகே வந்தனர் என்றும், ஆணை யார் பெயருக்கு என வினவிய தாசர், அது விசுவநாத தாசுக்கு உரியதாயின் முருகனாக நிற்கும் தம்மை அது கட்டுப்படுத்தாது என்று கூறி, நாடகத்தை முடித்துக்கொண்டே உடன் சென்றார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்கி வருகின்றது. விடியும்வரை போலீசாரும் ஒரு காசு கொடாமல் நாடகம் கண்டிருப்பார்கள் என்று கருதி நகைக்க இடமுண்டு.

வழக்கு மன்றத்தில் அவருக்காக வாதாடியோருள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஒருவர் எனக் கூறுவர். ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் விட்டு, 1908-ஆம் ஆண்டில் தண்டனை பெற்று, சிறையில் செக்கிழுத்து, செல்வமெல்லாம் இழந்து மீண்ட வழக்கறிஞர், பாட்டுப் பாடியதற்காகக் கூண்டில் நின்ற நடிகருக்குத் துணைநின்ற காட்சியை எண்ணிப் பார்த்தல் தகும். இருவரும் பெருக ஈட்டத்தக்க தொழிலை உடையவர்கள். இருவரும் நாட்டின்பொருட்டு வறியராயினர்.

தாசர் வறியராயினது எவ்வாறு என்பதைச் சற்று விளக்கவேண்டும். நாடகக் குத்தகை எடுப்பவன், கொட்டகைக்கும் விளக்குக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகின்றான். நாடகத்தன்று காலையில் தடையாணை வந்தால் அவன் போட்ட பணம் முழுவதும் நட்டமாகும். இரவில் கதாநாயகன் கைதானாலும் அதே கதிதான். எனவே தாசரின் புகழ் வளர வளர, அவரை அழைப்பதற்கு அஞ்சுவோரும் பெருகினர். சிறையில் இருக்கும் மாதங்களில் வருவாய் இல்லை. வீட்டில் உலை கொதிக்கவேண்டும். கடன் வாங்கினார். கடனுக்கு வட்டி ஏறிற்று. திருமங்கலத்து வீடு அடகில் மூழ்கும் நிலைக்கு வந்தது. போதாக்குறைக்கு 1931-ஆம் ஆண்டில் தமிழில் பேசும்படம் வந்தது. மேடையில் பாடியவர் பலர் படத்திற்குச் சென்றனர். மக்களும் அவர்கள் பின்னே சென்றனர். ஸ்பெஷல் நாடகங்கள் நகரங்களில் குறைந்து, சிற்றூர்த் திருவிழாக்களையே நம்பி நிற்கலாயின.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்து செர்மனியின்மீது போர் தொடுத்தது. இந்தியத் தலைவர் ஒருவரையும் கலந்து கொள்ளாமலே, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அன்றே அறிவித்தார். இட்லரின் கொடுமையை இந்தியத் தலைவர்கள் ஆதரித்தார்கள் அல்லர்; அதனை வெளிப்படையாகக் கண்டித்தனர். ஆனால், தான் அடிமையாக இருக்கும் நாடு பிறர் விடுதலைக்காகப் போரிடுவது எங்ஙனம் என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்விக்குத் தக்க விடை வரவில்லை. சென்னையில் இராசாசியின் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி துறந்தது. ஆளுநரின் நேராட்சி தொடங்கிற்று.

போருக்குப் பணம் வேண்டும். படைக்கு ஆள் வேண்டும். ஊர்தோறும் போர்நிதி திரட்டப்பட்டது. மக்களைப் போரின்பால் ஈர்ப்பதற்குச் சொற்பொழிவைவிடப் பாட்டும் நாடகமும் வல்லவை என்பதை எல்லா அரசுகளும் உணர்ந்திருந்தன. இங்கிலாந்தில் படைவீரரை மகிழ்விப்பதற்கென்றே 1939-ஆம் ஆண்டில் கலைஞர் அமைப்பு ஒன்று நிறுவப்பெற்றது. வேரா லின் என்னும் பாடகி வானொலியில் பாடிப் பிரிந்த உள்ளங்களைத் தேற்றினார். 1944-ஆம் ஆண்டில் பர்மாப் போர்முனைக்கே வந்து வீரர்களுக்குப் பாடினார். தம் நாட்டைக் காக்கத் தம் நாட்டார் புரிந்த போருக்கு அவர் பாடினார். அதனை யார் குறைகூற வல்லார்? தமிழ்நாட்டுப் பாடகரின் நிலையோ வேறு. பாடச் சொன்ன அரசே அவர் பாட்டுக்காக அவரைச் சிறையிலிட்ட அரசாகும்.

அந்த அரசு விசுவநாத தாசரை மறக்கவில்லை. சிற்றூர் மக்களை ஓரிரவில் ஓரிடத்தில் சேர்க்க வல்ல குரல் அவரிடம் இருந்தது. அவருடைய கடன்நிலையும் எவருக்கும் மறைவன்று. அப்போது சென்னை மாகாண ஆளுநராயிருந்த எர்ஸ்கின் பிரபுவின் சார்பில் அவரிடம் தூது வந்தது என அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். போருக்கு ஆதரவாக நாடகங்களில் பாடினால் போதும். கடன் முழுவதையும் அரசு தீர்க்கும். அடகுவைத்த வீடு மீளும். நாடகம் ஒவ்வொன்றிற்கும் பெருந்தொகை ஊதியமாகவும் கிட்டும். தூதின் பொருள் இதுவே.

அத்தூது வந்த காலத்தில் தாசருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. சிறைவாழ்வு உடலைத் தளர்த்தியிருந்தது. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. போரை ஆதரித்தவர் அனைவரும் நாட்டுக்குப் பகைவரும் அல்லர். இட்லரை வெல்வதே முதற்கடமை என்று உளமாரக் கருதி அரசுக்குத் துணைநின்ற நல்லோர் பலர் இருந்தனர். ஆதலால், இதனை ஏற்றிருந்தாலும் தாசரைப் பழிப்பதற்கு ஊரில் எல்லோரும் முன்வந்திருக்கமாட்டார்கள். பலர் அவர் வறுமையை எண்ணிப் பொறுத்திருப்பர். இவையெல்லாம் அவர் அறியாதவை அல்ல. என்றாலும், இருபது ஆண்டுகளாகக் கொக்கை ஓட்டிப் பாடிய வாயால் அதனை வாழ்த்திப் பாட அவர் இசையவில்லை. தூதைத் திருப்பி அனுப்பினார். கடன் கடனாகவே நின்றது.

1940-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். பெருங்கூட்டமாகச் சென்று மறியல் செய்தல் அதன் முறையன்று. தேர்ந்தெடுக்கப்பெற்ற ஒருவர் தனியே நின்று, இப்போருக்கு ஆளும் பொருளும் தருதல் தகாது என மக்களிடம் கூறிக் கைதாவதே அதன் முறை. வினோபா பாவே முதலாமவராகக் கைதானார். சொல் ஒன்றே ஆயுதமாகவும், சொல் ஒன்றே குற்றமாகவும் இருந்த போராட்டம் அது. விருதுநகரில் பிறந்து அவ்வாண்டில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரான காமராசர், சத்தியாக்கிரகிகளின் பட்டியலுடன் காந்தியடிகளைக் காணச் சென்ற வழியில், டிசம்பரில் குண்டூரில் கைதாகி வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஊருக்கு அண்மையில் உள்ள சிவகாசியில் பிறந்த தாசர் அதே மாதத்தில் சென்னைக்கு வந்திருந்தார். சிறைக்கு அன்று, நாடகத்திற்கு.

அவருக்கு உடல்நலம் நன்றாக இல்லை. எனினும் கடனுக்கு வட்டியேனும் கட்டவேண்டுமாயின் மேடையேறுதலன்றி வேறு வழியில்லை. சென்னை இராயல் தியேட்டரில் அவர் நடிக்க ஏற்பாடாயிற்று. டிசம்பர் 31-ஆம் நாள் இரவு நடந்த நாடகம், கரிசல் சீமையில் அவர் எத்தனையோ முறை நடித்த அதே வள்ளி திருமணம். திரை விலகிற்று. மயிலாசனத்தின்மீது முருகனாக வீற்றிருந்தார் தாசர். முடியும் வேலும் அணிமணிகளும் விளக்கொளியில் மின்னின. அவர் பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருந்த குரல் பாட்டின் நடுவிலேயே நின்றது. பக்கத்தில் நின்றோர் நெருங்கிப் பார்த்தபோது, மயில்மீது அமர்ந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

மறுநாள் 1941-ஆம் ஆண்டின் முதல் நாள். அவர் அணிந்திருந்த முருகன் வேடத்தை எவரும் களையவில்லை. அந்த வேடத்துடனேயே, அந்த மயிலாசனத்திலேயே அவருடலை அமர்த்திச் சென்னை வீதிகள் வழியே ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். நடிகரும் தொண்டரும் பொதுமக்களும் திரளாக உடன்சென்றனர். வீதியில் நின்றோர், திருவிழா நாளில் எழுந்தருளும் தெய்வத்தைக் காண்பதுபோல் அவரைக் கண்டனர். எந்தக் குலத்தவர் என்று கேட்டு விலகி நின்றவர் எவருமில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் அவருடல் எரியூட்டப்பெற்றது.

நாடு விடுதலை பெறுவதற்கு அதன்பின் ஆறு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்தன. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழக அரசு பின்னாளில் நினைவில்லமாக்கியது. கரிசல் சீமையின் ஊர்களில் அம்மன் பொங்கல் இரவுகளில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கின்றது. வள்ளி பரண்மீது ஏறிப் பறவைகளை ஓட்டுகின்றாள். வேடனாக வந்த முருகன் தினைப்புனத்தின் ஓரத்தில் நின்று பாடத் தொடங்குகின்றான்.